குழந்தைப் பராமரிப்பு வவுச்சர் கணக்கில் தேங்கிய பணத்தை மீட்பது எப்படி? பிரிட்டனில் வேலை செய்யும் பெற்றோருக்கு

2025 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை. சமையலறை மேசையில் சம்பளச் சீட்டை விரித்து வைத்து வீட்டு வரவுசெலவு எழுதிக்கொண்டிருந்தேன். பிடித்தங்களில் ஒரு பதிவு: குழந்தைப் பராமரிப்பு வவுச்சர், 243 பவுண்டு. நர்சரிக்கும் கிளப்புக்கும் பணத்துக்குப் பதிலாகக் கொடுக்கும் வவுச்சர் அது. பல ஆண்டுகளாகப் பார்த்துப் பழகிய பதிவு என்பதால் கண் அதைத் தாண்டிப் போயிற்று. இரண்டு வரி கீழே வந்த பிறகுதான் உறைத்தது. மகள் முந்தைய செப்டம்பரிலேயே மேல்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டாள். மாலை நேரக் கிளப்பை அவள் விட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. வவுச்சர் கணக்கைத் திறந்தேன். 1,458 பவுண்டு கிடந்தது.

திங்கட்கிழமை வவுச்சர் நிறுவனத்துக்குத் தொலைபேசி செய்தேன். "நீங்கள் வேலை செய்யும் நிறுவனத்தைக் கேளுங்கள்" என்றார்கள். எங்கள் சம்பளப் பிரிவைக் கேட்டேன். "வவுச்சர் நிறுவனத்தைக் கேளுங்கள்" என்றார்கள். இப்படியே மூன்று வாரம் ஓடிற்று. அதற்குள் மார்ச் சம்பளம் வந்தது. அதிலும் 243 பவுண்டு பிடித்துவிட்டார்கள். மீதி 1,701 ஆயிற்று.

அந்த மூன்று வாரம் உங்களுக்கும் வீணாகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். அண்மையில் பிரிட்டனுக்கு வந்தவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: இந்த வவுச்சர் திட்டத்தில் புதிதாகச் சேர முடியாது. 2018 அக்டோபர் 4ஆம் தேதியோடு கதவை மூடிவிட்டார்கள். அதற்கு முன் சேர்ந்து, அதே நிறுவனத்தில் தொடர்பவர்கள் மட்டும் இன்னும் வாங்கலாம். ஆனால் பழைய கணக்கில் பணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2020 மார்ச்சில் நர்சரிகள் மூடப்பட்டபோது தேங்கிய பணத்தை அப்படியே விட்டுவைத்தவர்களும் அவர்களில் உண்டு.

பணம் எப்படி அங்கே போனது

இது புரிந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். வவுச்சர் நிறுவனத்துக்கு நீங்கள் பணம் கட்டவில்லை. உங்கள் சம்பளத்தில் ஒரு பகுதியை நீங்கள் விட்டுக்கொடுத்தீர்கள். அதற்கு ஈடாக உங்கள் அலுவலகம் அந்தத் தொகைக்கு வவுச்சர் வாங்கி உங்கள் கணக்கில் போட்டது. விட்டுக்கொடுத்த தொகைக்கு வருமான வரியும் இல்லை, நேஷனல் இன்சூரன்ஸ் என்ற சமூகக் காப்பீட்டுப் பிடித்தமும் இல்லை. அடிப்படை வரி கட்டுபவருக்கு வாரம் 55 பவுண்டு, மாதக் கணக்கில் 243 பவுண்டு வரை இந்தச் சலுகை உண்டு. 2011 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர் 40 சதவீத வரி கட்டுபவராக இருந்தால் மாதம் 124 பவுண்டுதான்.

சட்டம் இந்தச் சலுகையைத் தருவதற்குக் காரணமே, வவுச்சரைப் பணமாக மாற்ற முடியாது என்பதுதான். எனவே வவுச்சர் நிறுவனம் உங்கள் வங்கிக் கணக்குக்கு நேராகப் பணம் அனுப்பாது. திரும்பி வரும் பணம் முதலில் அலுவலகத்துக்குப் போக வேண்டும். அங்கே அது மறுபடியும் சம்பளமாக மாறி, வரியும் நேஷனல் இன்சூரன்ஸும் கழிந்து உங்களிடம் வரும். வவுச்சர் நிறுவனத்திலிருந்து தொலைபேசியில் பேசிய பெண் என்னைத் தட்டிக்கழிக்கவில்லை, சரியாகத்தான் சொன்னார். காரணத்தையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் நான் மூன்று வாரம் அலைந்திருக்க மாட்டேன்.

முதலில் பிடித்தத்தை நிறுத்துங்கள்

திரும்பப் பெறுவது பிறகு. ஓட்டைப் பானையில் தண்ணீர் மொள்வதைப் போல, ஒருபக்கம் பணத்தைக் கேட்டுக்கொண்டே மறுபக்கம் மாதாமாதம் இன்னும் போட்டுக்கொண்டிருக்கக் கூடாது. சில நிறுவனங்களில் வவுச்சர் கணக்கின் இணையப் பக்கத்திலேயே தொகையைப் பூஜ்யமாக்கலாம். சிலவற்றில் மனிதவளப் பிரிவுக்குப் படிவம் தர வேண்டும். எதுவானாலும் சம்பளப் பிரிவு மாதக் கணக்கை மூடும் தேதி எது என்று கேளுங்கள். சம்பள நாளுக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே மூடிவிடுவார்கள். நான் அந்தத் தேதியைக் கேட்காததால்தான் மார்ச் மாதமும் பணம் போயிற்று.

"ஓராண்டு ஒப்பந்தம், நடுவில் நிறுத்த முடியாது" என்று சொன்னால், ஒப்பந்தத்தை வாங்கிப் படியுங்கள். குழந்தை பிறப்பது, பராமரிப்பு முடிவது, துணைவரின் வேலை போவது போன்ற வாழ்க்கை மாற்றங்கள் வந்தால் நடுவிலும் மாற்றலாம் என்று பெரும்பாலும் எழுதியிருக்கும்.

ஆனால் இளைய குழந்தை இருப்பவர்கள் நிதானிக்க வேண்டும். 52 வாரம் தொடர்ந்து வவுச்சர் வாங்காமல் இருந்தால் திட்டத்தில் உங்கள் உரிமை போய்விடும். இது மூடப்பட்ட திட்டம், திரும்பச் சேர முடியாது. மீண்டும் தேவைப்படும் என்று தோன்றினால் அடியோடு நிறுத்தாமல், தொகையைக் குறைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள்.

செலவழிக்க முடிந்தால் செலவழியுங்கள்

திரும்பக் கேட்டால் வரிச் சலுகை போய்விடும். பராமரிப்புக்கே செலவழித்தால் ஒரு பென்ஸ்கூடக் குறையாது. அதனால் படிவத்தைத் தேடும் முன், இந்தப் பணத்துக்கு எங்கே வேலை இருக்கிறது என்று பாருங்கள்.

குழந்தைக்கு 15 வயது முடிந்து வரும் செப்டம்பர் 1 வரை வவுச்சர் செல்லும். மாற்றுத்திறன் உள்ள குழந்தைக்கு இன்னும் ஓராண்டு. நர்சரியோடு முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். காலை உணவுக் கிளப், பள்ளி முடிந்த பிறகான கிளப், கோடை விடுமுறை முகாம் எல்லாவற்றுக்கும் கொடுக்கலாம். ஒரே நிபந்தனை, அவை பதிவு பெற்றிருக்க வேண்டும்: இங்கிலாந்தில் ஆஃப்ஸ்டெட் என்ற அரசு ஆய்வு அமைப்பிடம், ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் அங்குள்ள பராமரிப்பு ஆய்வு அமைப்புகளிடம். முகாமின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, வவுச்சர் நிறுவனத்தின் பட்டியலில் அது இருக்கிறதா என்று தேடுங்கள். பட்டியலில் இல்லாவிட்டாலும் பதிவு இருந்தால் சேர்த்துக்கொள்ளச் சொல்லலாம்.

நம்மவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பவை சில உண்டு. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி, பரதநாட்டிய வகுப்பு, கணக்கு டியூஷன் ஆகியவற்றுக்குக் கொடுக்கலாமா? அவை பதிவு பெற்ற பராமரிப்பு நிலையங்களாக இல்லாவிட்டால் முடியாது. ஊரிலிருந்து வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்குக் கொடுக்கலாமா? முடியாது. உறவினர் பதிவு பெற்ற பராமரிப்பாளராக இருந்து, உங்கள் வீட்டுக்கு வெளியே, வேறு குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் செல்லும். தெரிந்த பராமரிப்பாளர் ஒருவரிடம் வவுச்சரைக் கொடுத்துவிட்டுப் பணமாகத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது வரி ஏய்ப்பு.

என் விஷயத்தில், ஈஸ்டர் விடுமுறையில் இரண்டு வாரமும் மே மாத நடுப்பருவ விடுமுறையில் ஒரு வாரமும் மகளைப் பதிவு பெற்ற விளையாட்டு முகாமில் சேர்த்தேன். வாரம் 200 பவுண்டு. 600 பவுண்டு முழுப் பயனாயிற்று. மீதி 1,101. அடுத்த கோடைக்கு அவள் முகாமுக்குப் போக மாட்டேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டாள். அதன் பிறகுதான் திரும்பக் கேட்க முடிவு செய்தேன்.

அரசின் புதிய திட்டமான டாக்ஸ் ஃப்ரீ சைல்டுகேருக்கு மாற நினைப்பவர்களுக்கும் இதே அறிவுரைதான். அதில் நீங்கள் 8 பவுண்டு போட்டால் அரசு 2 பவுண்டு போடும், ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 2,000 பவுண்டு வரை. பொதுவாக 11 வயது வரைதான். அதற்கு விண்ணப்பித்தால் 90 நாளுக்குள் அலுவலகத்துக்குத் தெரிவித்து வவுச்சரை நிறுத்தச் சொல்ல வேண்டும். பிறகு வவுச்சருக்குத் திரும்ப முடியாது. ஆனால் ஏற்கெனவே கணக்கில் இருக்கும் வவுச்சரைச் செலவழிக்கத் தடை இல்லை.

பணம் நர்சரியிடம் சிக்கியிருந்தால்

இது தனிச் சிக்கல். மாதம் 243 பவுண்டு தானாகப் போகும்படி அமைத்திருப்பீர்கள். குழந்தை நர்சரியை விட்ட பிறகும் போய்க்கொண்டே இருக்கும். அல்லது நர்சரியின் எண்ணைத் தவறாகத் தேர்ந்து வேறொரு நர்சரிக்கு அனுப்பியிருப்பீர்கள்.

முதலில் அந்தத் தானியங்கிக் கட்டளையை ரத்து செய்யுங்கள். சம்பளப் பிடித்தத்தை நிறுத்தினாலும், கணக்கில் மீதி இருக்கும் வரை இந்தக் கட்டளை தன்பாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். இரண்டும் வெவ்வேறு. பிறகு நர்சரியின் கணக்குப் பொறுப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்: எந்தத் தேதியில் எவ்வளவு அனுப்பினீர்கள், குழந்தையின் பெயர், வவுச்சர் கணக்கு எண். கூடவே ஒரு வரியை அழுத்தமாக எழுதுங்கள்: பணத்தை எனக்குத் தராமல், வவுச்சர் நிறுவனம் வழியாக என் கணக்குக்கே திருப்புங்கள் என்று. நல்ல மனத்தோடு சில நர்சரிகள் உங்கள் வங்கிக்கே அனுப்ப முன்வரும். வாங்காதீர்கள். வரி கழியாத பணம் உங்கள் கைக்கு வந்ததாக ஆகிவிடும்.

அலுவலகத்திடம் கேட்பது

மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டிய இடம் இதுதான். மிச்ச வவுச்சரைத் திருப்பித் தர வேண்டும் என்று எந்தச் சட்டமும் அலுவலகத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. திட்ட விதிகளில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். தரலாம் என்று சில நிறுவனங்கள் எழுதியிருக்கும். எந்த நிலையிலும் இல்லை என்று சில எழுதியிருக்கும். நிறுவனத்தின் விருப்பம் என்பதும் உண்டு. அந்த விதிகளின் நகலை முதலில் கேட்டு வாங்குங்கள்.

அவர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பதையும் தெரிந்துகொண்டால் பேச எளிது. வவுச்சர் வாங்கியபோது நிறுவனத்துக்கும் நேஷனல் இன்சூரன்ஸ் மிச்சமாயிற்று. திருப்பித் தந்தால் அது சம்பளம். அதற்கு நிறுவனம் தன் பங்கைக் கட்ட வேண்டும். 2025 ஏப்ரல் முதல் அந்தப் பங்கு 15 சதவீதம். வவுச்சர் நிறுவனத்துக்குக் கொடுத்த சேவைக் கட்டணமும் திரும்பி வராது. சம்பளப் பிரிவில் ஒருவர் உட்கார்ந்து இதற்கென்று கைக்கணக்குப் போட வேண்டும். உங்கள் மேல் கோபமில்லை, வேலைச்சுமைதான்.

ஆகவே அந்த வேலையை நீங்களே பாதி முடித்துக் கொடுங்கள். எனக்குப் பலன் தந்த மின்னஞ்சலில் இருந்தவை இவை: மீதித் தொகை எவ்வளவு, எந்தெந்த மாதங்களில் பிடித்தது, பராமரிப்பு எப்போது, ஏன் முடிந்தது, மீதியைச் செலவழிக்க என்னென்ன முயன்றேன், எவ்வளவு செலவழித்தேன், இனி ஏன் செலவழிக்க முடியாது, வரியும் நேஷனல் இன்சூரன்ஸும் கழித்துச் சம்பளத்தோடு தந்தால் போதும் என்ற ஒப்புதல். கிளப் முடிந்ததற்கான கடிதத்தையும் வவுச்சர் கணக்கின் அறிக்கையையும் இணைத்தேன். வவுச்சர் நிறுவனத்திடம் தொலைபேசியில், நிறுவனங்கள் பணத்தைத் திரும்பக் கேட்பதற்கான படிவம் எது என்று விசாரித்து, அதன் பெயரையும் மின்னஞ்சலிலேயே குறிப்பிட்டேன். ஆறு முறை தொலைபேசியில் பேசிக் கிடைக்காத பதில், இந்த ஒரு மின்னஞ்சலுக்கு நான்காம் நாள் கிடைத்தது.

மனிதவளப் பிரிவுக்கும் சம்பளப் பிரிவுக்கும் ஒரே மின்னஞ்சலாக அனுப்புங்கள். தனித்தனியாக அனுப்பினால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். தொலைபேசியில் பேசியதையும் அன்றே இரண்டு வரியில் எழுதி அனுப்பிவிடுங்கள். பிற்பாடு தேதி கேட்டால் உங்கள் கையில் இருக்கும்.

மறுத்துவிட்டால்

மறுப்புக்கு எழுத்தில் காரணம் கேளுங்கள். விதியில் இடமிருந்தும் மறுத்தால், அலுவலகத்தின் முறையான குறைதீர்ப்பு வழியில் போகலாம். தொழிற்சங்கத்தில் இருந்தால் பிரதிநிதியை அழையுங்கள். விதியிலேயே இடமில்லை என்றால், பணம் கணக்கிலேயே இருக்கட்டும். வவுச்சருக்குக் காலாவதித் தேதி உண்டா என்று மட்டும் வவுச்சர் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொண்டு, அடுத்த கோடை முகாம், இளைய குழந்தை என்று செலவழிக்கப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நிறுத்தச் சொல்லி முறைப்படி எழுதிக் கொடுத்த பிறகும் பிடித்திருந்தால், அது சலுகை கேட்கும் விஷயம் அல்ல. ஒப்புதல் இல்லாத பிடித்தம் 1996ஆம் ஆண்டின் வேலை உரிமைச் சட்டத்தின் கீழ் வரக்கூடியது. ஏகாஸ் என்ற அரசு அமைப்பு இதற்கு இலவசமாக ஆலோசனை தருகிறது. வேலைத் தீர்ப்பாயத்துக்குப் போகும் முன் அங்கேதான் சமரசத்துக்குப் பதிவு செய்ய வேண்டும். காலக்கெடு மிகக் குறுகியது: நான் விசாரித்த 2025இல், பிடித்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. 'உள்ளுக்குள் பேசிக்கொண்டிருக்கிறோம்' என்று காத்திருந்து அந்தத் தேதியைத் தவறவிட்டவர்கள் உண்டு. இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் தொண்டு அமைப்பின் அலுவலகத்திலும் கேட்கலாம். ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லுங்கள்.

வேலையை விடுபவர்கள், கர்ப்பிணிகள்

வேலை மாறப் போகிறவர்கள் கடைசி நாளுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். வேலையை விட்டு, விலகும்போது அலுவலகம் தரும் பி45 படிவம் கையில் வந்த பிறகு தரும் பணத்துக்கு 0டி (0T) என்ற வரிக் குறியீட்டைப் போடுவார்கள். அதில் வரியில்லாத அளவு என்று எதுவும் கிடையாது. முதல் பவுண்டிலிருந்தே வரி பிடிக்கும். கூடுதலாகப் போனதை வரித்துறையான எச்எம்ஆர்சியிடமிருந்து பிறகு திரும்ப வாங்கலாம், ஆனால் அது இன்னொரு அலைச்சல். திரும்பக் கேட்கப் போவதில்லை என்றாலும், வவுச்சர் கணக்கில் அலுவலக மின்னஞ்சலை நீக்கி உங்கள் சொந்த மின்னஞ்சலைப் போடுங்கள். வேலையோடு அந்த முகவரியும் போய், கணக்குக்குள் நுழைய முடியாமல் தவிப்பவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது குழந்தையை எதிர்பார்க்கும் தங்கைகள் இன்னொன்றைக் கவனியுங்கள். பிரசவ விடுப்பின் முதல் ஆறு வாரத்துக்குச் சராசரிச் சம்பளத்தில் 90 சதவீதம் தருகிறார்கள். குழந்தை பிறக்க வேண்டிய வாரத்துக்கு 15 வாரம் முன்னால் நின்று, அதற்கு முந்தைய எட்டு வாரச் சம்பளத்தை வைத்து அந்தச் சராசரியைக் கணக்கிடுவார்கள். அந்த நாள்களில் வவுச்சர் பிடித்தம் இருந்தால் சராசரி குறைந்துவிடும். சில மாதம் முன்பே நிறுத்தினால் விடுப்புக்காலப் பணம் கூடும். மேலே சொன்ன 52 வாரக் கணக்கையும் அப்போது மறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கைக்கு எவ்வளவு வரும்

அடிப்படை வரி கட்டுபவருக்கு 20 சதவீத வரி, 8 சதவீத நேஷனல் இன்சூரன்ஸ்: 1,000 பவுண்டுக்கு 720 வரும். 40 சதவீத வரி கட்டுபவருக்கு 40ம் 2ம் சேர்ந்து 580. மாணவர் கடன் இருந்தால் அதற்கும் ஒரு பங்கு போகலாம். 2023 முடியும் வரை போட்ட பணம் என்றால் சின்ன ஆறுதல் உண்டு: அன்று நேஷனல் இன்சூரன்ஸ் பெரும்பாலும் 12 சதவீதம், 2024 ஏப்ரலிலிருந்து 8. அன்று மிச்சம் பிடித்ததைவிடக் குறைவாகத்தான் இன்று கட்டுவீர்கள்.

மொத்தமாக ஒரே மாதத்தில் வருவதால் வேறு இடங்களில் கை வைக்கும். யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை வாங்குபவருக்கு அந்த மாதத் தொகை குறையும், ஏனென்றால் இது சம்பளக் கணக்கில் சேரும். ஆண்டு வருமானம் 60,000 பவுண்டை ஒட்டி இருப்பவருக்குக் சைல்டு பெனிஃபிட் என்ற குழந்தை உதவித்தொகையில் ஒரு பகுதி வரியாகத் திரும்பப் போகலாம். 1,00,000 பவுண்டை ஒட்டி இருப்பவர் அதைத் தாண்டினால் வேலை செய்யும் பெற்றோருக்கென்று அரசு தரும் இலவசப் பராமரிப்பு மணிநேரமும் டாக்ஸ் ஃப்ரீ சைல்டுகேரும் கைவிட்டுப் போகும். இப்படி விளிம்பில் இருப்பவர்கள், வரி ஆண்டு முடியும் ஏப்ரல் 5க்கு முன் வாங்குவதா பின் வாங்குவதா என்று பார்த்து, சம்பளப் பிரிவிடம் மாதத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

பணம் வந்த மாதம் சம்பளச் சீட்டை வரி வரியாகப் பாருங்கள். திருப்பிய தொகை தனிப் பதிவாக இருக்க வேண்டும். பழைய பிடித்தம் இருக்கக் கூடாது. வரிக் குறியீடு முந்தைய மாதத்தில் இருந்ததுதானா என்று ஒப்பிடுங்கள். ஜூன் மாதம் என்னுடையதில் 1,101 பவுண்டு தனிப் பதிவாக வந்திருந்தது. 308 பவுண்டு 28 பென்ஸ் கழிந்து கைக்கு வந்தது 792 பவுண்டு 72 பென்ஸ். வவுச்சர் கணக்கில் மீதி பூஜ்யம் என்று காட்டும் பக்கத்தைச் சேமித்துக்கொண்டு, அன்றே கணக்கை மூடச் சொல்லி எழுதினேன்.